யார் பேரை முதலில் காட்டுவது

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டுப் பக்கம், கம்ப்ரசர் சாமான் விற்கிற கடைக்கு மேல்மாடியில், ரிக் வண்டி உரிமையாளர் சங்கம் ஒன்று இருக்கிறது. போர் போடுகிற லாரிகளை வைத்திருப்பவர்களின் சங்கம். அங்கே ஜோதி ஆபீஸ் பார்க்கிறாள். ஆபீஸ் பார்ப்பது என்று பேர்தானே ஒழிய, பல வருஷமாக அவள் பார்த்த வேலை பேசுவது ஒன்றுதான்.

சங்கத்தில் அறுநூற்றுச் சொச்சம் பேர். ஒருத்தர் வண்டி ராஜஸ்தானில் நிற்கும், இன்னொருத்தர் வண்டி சத்தீஸ்கரில் பாறையைக் குடைந்துகொண்டிருக்கும். டீசல் விலை ஏறினாலும், மெம்பர் வீட்டில் கல்யாணம் என்றாலும், சாவு என்றாலும் ஜோதி ஒவ்வொருத்தருக்கும் ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டும். சேதி என்னவோ ஒரு வரிதான். ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு வரியைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட முடியுமா? சாப்பிட்டாச்சுங்களா, அங்க மழை உண்டுங்களா, பாப்பாவுக்கு எடம் அமைஞ்சுதுங்களா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் சேதிக்கே வர வேண்டும். சேதி முடிந்ததும் அத்தனை பேரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

"ஏன் அம்மணி, எனக்குத்தான மொதல்ல சொல்ற?"

"உங்களுக்குத்தாங்க மொதல்ல" என்பாள் ஜோதி. அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் அதையே சொல்வாள். அதில் ஒருத்தருக்காவது அது நிஜம் என்பதால் அவளுக்குப் பாவம் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு கல்யாண சீசன் முடியும்போது அவளுக்குக் குரல் போய்விட்டது. கம்மியது, கரகரத்தது, பிறகு வெறும் காற்றுதான் வந்தது. ஈரோட்டில் தொண்டை டாக்டர் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, மம்பட்டி பிடிக்கிறவர் கையில் காய்ப்பு காய்க்கிற மாதிரி உங்கள் குரல் நாணில் காய்த்திருக்கிறது என்றார். இப்போதைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் சரியாகும், மறுபடி இதே மாதிரி பேசினால் போன குரல் போனதுதான் என்றார். ஜோதியின் புருஷன் அன்பழகன், ஈரோடு வண்டியில் கண்டக்டர். "பள்ளிபாளையம், பள்ளிபாளையம்னு நான் கத்தாத கத்தா? எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகலியே" என்று டாக்டரிடம் நியாயம் கேட்டான். டாக்டர் அவனையும் வாயை மூடச் சொன்னார்.

ஜோதிக்கு அழுகை வந்தது. சும்மாவே அவள் வாயாடி. பேச்சில்தான் அவளுக்கு உயிர். அந்தப் பேச்சு முழுவதும் சங்கத்துக்கே தீர்ந்துபோய், சாயங்காலம் வீடு வரும்போது புருஷனைத் திட்டுவதற்குக்கூட மிச்சம் இருக்காது. நடந்ததைச் சொல்ல ஆசையாக இருக்கும், தொண்டை வராது. அவனும் கத்திக் கத்தி ஓய்ந்து வந்திருப்பான். ரெண்டு பேரும் டிவியைப் பேசவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்படியே இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விட்டால் வீட்டில் பேச என்ன இருக்கிறது என்பதுதான் அவள் பயம்.

வாட்ஸப்பில் ஒரு குரூப் போட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். சங்கமும் அப்படித்தான் நினைத்துப் போட்டது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஒரு மெம்பர் கை தவறி எதையோ அமுக்க, இன்னார் வெளியேறினார் என்று அத்தனை பேர் ஃபோனிலும் விழுந்தது. அவர் ஏன் வெளியேறினார், யார் என்ன சொன்னார் என்று கேள்வி எழும்பியது. அவர் வெளியேறினதால் அவர் சம்பந்தி வெளியேறினார். சம்பந்திக்கு ஆதரவாகப் பள்ளிபாளையத்துக்காரர்கள் மொத்தமாக வெளியேறினார்கள். கடைசியில் குரூப்பில் மிஞ்சியது ஜோதியும், தினமும் காலையில் சூரியன் படம் அனுப்புகிற ஒருத்தரும்தான்.

அதனால் மின்னஞ்சல் குழு என்று முடிவானது. சங்கத் தலைவர் தனபாலின் அக்கா மகன் அமெரிக்காவில் இருந்து லீவுக்கு வந்தபோது, மெயில் பட்டியலை நிர்வகிக்கிற இலவச மென்பொருள் ஒன்றை எங்கோ ஒரு சர்வரில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு மெயில் அனுப்பினால் அத்தனை பேருக்கும் போகும். யாராவது விலகினாலும் ஊருக்குத் தெரியாது. குணமான ஏற்பாடுதான். ஆனால் அதை நடத்துகிற இணையப் பக்கம் இருக்கிறதே, அது ஒரு தலைவலி. ஒருத்தரைச் சேர்க்க ஒரு பக்கம், மாற்ற இன்னொரு பக்கம். பாதி வேலையில் மறுபடி யார் நீ என்று பாஸ்வேர்டு கேட்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஜோதி எம்.சி.ஏ. படித்தவள். இதே ஊர்க் கல்லூரிதான். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஒரு வேலை நடக்கிற அந்தக் காலத்துச் சமாச்சாரம் அவளுக்குப் பிடிக்கும். அந்த மென்பொருளில் வேறு நிரல்கள் வந்து பேசுவதற்கென்றே பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவைத் தட்டிப் பேசுகிற ஒரு சின்ன கட்டளைவரி நிரலைப் பைத்தானில் எழுத உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நாட்களில் கைக்கு ஒரு வேலை ஆயிற்று. நிரலுக்குச் 'சேதி' என்று பேர் வைத்தாள். சேதி சேர், சேதி நீக்கு, சேதி அனுப்பு, சேதி காட்டு. தமிழிலேயே தட்டலாம். எதைச் செய்யப்போகிறாய் என்பது முதலில், யாருக்கு என்பது அடுத்து. தப்பாகத் தட்டினால் எது தப்பு என்று சொல்லும். கறுப்புத் திரை நிரல்களுக்குப் பழைய ஒழுக்கம் ஒன்று உண்டு. வேலை நல்லபடியாக முடிந்தால் வாயைத் திறக்கக் கூடாது. பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். அந்த ஒழுக்கம் ஜோதிக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கமிட்டிக்குத்தான் பிடிக்கவில்லை.

நாளைக்கு நீ லீவு போட்டால் யார் பார்ப்பது என்று கேட்டு, கமிட்டிக்காரர்களும் தட்டிப் பழகுவது என்று செயலாளர் ஜீவானந்தம் ஏற்பாடு செய்திருந்தார். தனபால் ஒற்றை விரலால் 'சேதி அனுப்பு' என்று தட்டினார். சேதி போனது. திரை பேசாமல் இருந்தது.

"என்ன அம்மணி இது, சொல்றஞ் சொல்றேன், பதிலே பேச மாட்டேங்குது?"

"வேலை முடிஞ்சுதுங்ணா. முடிஞ்சா பேசாதுங்க."

"அதெப்புடி? வேலக்காரன் ஒருத்தன்கிட்ட ஒரு சோலி சொன்னா, சரிங்கன்னு ஒரு வார்த்தை சொல்றானா இல்லியா? இதென்ன இத்தன திமிரு?"

ஜோதி உட்கார்ந்து, ஒவ்வொரு வேலை முடிந்ததும் 'சரிங்க' என்று சொல்லும்படி மாற்றினாள். அப்புறம் ஜீவானந்தம் ஒரு குறை கண்டுபிடித்தார். சேர், நீக்கு, அனுப்பு என்று மரியாதையில்லாமல் தட்ட வேண்டியிருக்கிறதே, வயசானவர் பேரைப் போட்டு 'சேர்' என்று எப்படித் தட்டுவது? சேருங்க, நீக்குங்க, அனுப்புங்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு ங்க போட்டாள். ங்க இல்லாமல் தட்டினால் 'ஏனுங்க, அப்படி ஒண்ணு இல்லீங்க' என்று திரை சொன்னது. கமிட்டி ரொம்ப சந்தோஷப்பட்டது. ஒருத்தரை நீக்குவதற்கு முன்னால் 'நிச்சயந்தானுங்களா?' என்று கேட்டு, ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் எதிர்பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே தனபால் 'அவன் போன வருசமே வண்டிய வித்துப்போட்டான் அதான் சொல்றேன்' என்று முழுக் கதையையும் தட்டினார். இதற்கெல்லாம் ஜோதி சலித்துக்கொள்ளவில்லை. எது வேண்டுமானாலும் தட்டட்டும், தன்னை ஃபோனைத் தொடச் சொல்லாமல் இருந்தால் சரி என்று இருந்தாள். குரலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அன்பழகனிடம் ஒரு முழுக் கதை சொல்லி முடிக்க முடிந்தது. கதை முடிந்ததும் அவன் கேட்காமல் தூங்கிப்போயிருந்தான் என்பதற்காக அவனை நன்றாகத் திட்டவும் முடிந்தது. அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வினை 'காட்டுங்க' என்ற கட்டளையில் வந்தது.

அது மெம்பர் எல்லாரையும் வரிசையாகக் காட்டுகிற கட்டளை. மாதக் கூட்டத்தில், ஆபீஸ் டிவியில் மாட்டி, ஜோதி பெருமையோடு அதைத் தட்டினாள். ஒரே நொடியில் அறுநூற்றுச் சொச்சம் பேரும் வந்து நின்றார்கள். அகர வரிசையில். யார் பேரை முதலில் போடுவது என்று ஜோதி யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் விட்டால் நிரல் அகர வரிசையில்தான் போடும். அறுநூறு பேருக்கும் உங்களுக்குத்தான் முதலில் என்று சொன்னவள் இதை எப்படி மறந்தாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதல் பேர், அத்தாயி.

ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் இருக்கிற அத்தாயி, ஜீவானந்தத்தின் அண்ணி. புருஷன் விட்டுப்போன ஒரே ஒரு ரிக் வண்டிக்குச் சொந்தக்காரி. அந்த வண்டி எப்போது கடைசியாக ஓடியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. களத்தில் நிற்கிற அதன் இரும்புக் கோபுரத்தில் பாகற்கொடி ஏறியிருக்கிறது. டிரைவர் சீட்டில் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் அத்தாயி கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. கூட்டம் முடிந்ததும் போடுகிற பஜ்ஜி மேல் அவளுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

தன் பேரை டிவியில் உச்சியில் பார்த்த அத்தாயி எழுந்து, சபைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

"எல்லாரும் உக்காருங்க சாமி" என்றாள்.

தனபாலின் பேர் எங்கோ நடுவில், தங்கவேலுக்கும் தாண்டவனுக்கும் இடையில் நசுங்கிக் கிடந்தது. தாண்டவன் என்பவர் தனபாலின் பழைய டிரைவர். தனபால் டிவியைப் பார்த்தார். ஜோதியைப் பார்த்தார். பஜ்ஜி சாப்பிடாமல் படியிறங்கிப் போனார்.

மறுநாள் வந்து, "மரியாதைப்படி வரிசை போடு அம்மணி" என்றார். ஜோதி சரிங்க என்றாள். அதில் என்ன கஷ்டம், ஒவ்வொரு ரெண்டு பேருக்கும் யார் பெரியவர் என்று ஒரு விதி எழுதினால் போயிற்று என்று நினைத்தாள். எழுதிப் பார்த்தாள். தலைவர் என்பதால் தனபால் அத்தாயிக்கு மேலே. அண்ணி என்பதால் அத்தாயி ஜீவானந்தத்துக்கு மேலே. ஜீவானந்தம் தனபாலின் அம்மாவுக்குக் கடைசித் தம்பி, வயசில் சின்னவர் என்றாலும் தாய்மாமன், அதனால் தனபாலுக்கு மேலே. நிரல் இந்த மூன்று பேரையும் மேலும் கீழும் மாற்றி மாற்றி வைத்து, மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜோதி நிறுத்தாமல் விட்டிருந்தால் இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். வீட்டு விசேஷத்தில் நாம் சுற்றுவதைத்தான் அது சுற்றியது, அதைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

அப்போது அவளுக்குப் பழைய ஃபோன் வித்தை ஞாபகம் வந்தது. யார் தட்டுகிறாரோ அவர் பேரையே முதலில் காட்டினால்? உங்களுக்குத்தாங்க மொதல்ல! ஒவ்வொருத்தரும் தங்கள் ஃபோனிலும் அந்தக் கறுப்புத் திரையை வைத்து, தன் பேரில் உள்ளே போய்த் தட்டுகிற மாதிரி செய்தாள். தனபால் தட்டினார். முதல் பேர் தனபால். பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார்.

அந்த சந்தோஷம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரைக்கும்தான் இருந்தது. அங்கே மாமனும் மாப்பிள்ளையும் ஃபோனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் தனபால் முதல். இன்னொன்றில் ஜீவானந்தம் முதல்.

"மாப்ள, உன்ற ஃபோனு என்னமோ கோளாறா இருக்குது."

"என்றது புதுசுங் மாமா. உங்களுதுதான் கோளாறு."

டீ கிளாஸ் ஒன்று உடைந்தது. எது அசல், எது போலி என்று கேட்டு ரெண்டு பேரும் மாடியேறி வந்தார்கள்.  ஃபோனில் சொன்ன பொய்யை ஒருத்தருக்கொருத்தர் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது, திரையில் எழுதின பொய்யை முடியும். தனபால் தீர்ப்புச் சொன்னார்.

"இந்தக் கெரகமே வேண்டாம். வர்ற மாசக் கூட்டத்தோட இத எடுத்துப்போட்டு, பழையபடி ஃபோன்லயே சொல்லிப்போடு. ஃபோன்ல ஒரு பிரச்சனையும் வந்ததில்ல. நீதான் நல்லாப் பேசற புள்ளையாச்சே."

"டாக்டரு பேசக் கூடாதுன்னுட்டாருங்ணா" என்றாள் ஜோதி. அதையே கரகரப்பாகத்தான் சொன்னாள்.

"மெதுவாப் பேசு சாமி. யாரு உன்னக் கத்தச் சொன்னா?"

கல்யாண சீசன் வந்துகொண்டிருந்தது. ஜோதி வீட்டுக்குப் போய் அன்பழகனிடம் சொன்னாள். அவன் "வேலைய உட்டுப்போடு" என்றான். அவளுக்கு அந்த வேலை வேண்டும். பிடித்த வேலை. சேதி அவள் செய்த நிரல். அதை எடுத்துப்போடு என்று தனபால் சொன்னது, பிள்ளையைப் பார்த்துச் சொன்ன மாதிரி வலித்தது. குரலும் வேண்டும், வேலையும் வேண்டும், நிரலும் வேண்டும் என்று ஆசைப்படுவது பேராசையா என்று கேட்டாள். இல்லை என்றான். அதற்கு மேல் அவனுக்கும் வழி தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அத்தாயி புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். பத்திரிகையில் தன் பேருக்குக் கீழே 'சங்கத்தின் முதல் உறுப்பினர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். அதைப் பார்த்துத் தனபால் போகக் கூடாது என்று நினைத்தார். ஆனால் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று பேச்சு வரும், அதனால் போனார். எல்லாரும் போனார்கள். ஜோதியும் போனாள்.

பந்தியில் வழக்கமான கூத்துதான். தனபாலுக்காக ஒரு நாற்காலியில் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். அந்தத் துண்டைக் கை துடைக்க எடுத்துக்கொண்டு ஒருத்தர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரெண்டாம் பந்தியில் உட்காருங்கள் என்று யாரோ சொல்ல, தனபால் முகம் சிவந்து போனார். ஜீவானந்தம் மாப்பிள்ளைக்காகத் தன் இடத்தை விட்டு எழுந்திருக்கிற மாதிரி காட்டி, எழுந்திருக்காமல் இருந்தார். சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாயசம் ஊற்றுவதற்குள் இலையை மடிக்க வைத்தார்கள்.

எல்லாரும் எழுந்து போன பிறகு, அத்தாயி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஜோதியையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். அப்பளம் தீர்ந்துவிட்டது. சாம்பாரில் காயில்லை. ரசம் மட்டும் தாராளமாக இருந்தது.

"ஏனுங்கக்கா, மொதல் உறுப்பினர் நீங்க. கடைசீல வந்து உக்கார்றீங்க?" என்று ஜோதி மெதுவாகச் சிரித்தாள்.

"நல்லாக் கேட்ட போ. இது என்ற ஊடு. நான் மொதல்ல உக்காந்தா ஊரு சிரிக்காதா? ஊட்டுக்காரி கடைசீல உண்டாத்தான் அம்மணி ஊட்டுக்காரி. மொதப் பந்திக்கு அடிச்சுக்கறதெல்லாம் வந்த சனம். எனக்கென்ன அவசரம், ஓடியா போறேன்?"

ஜோதி ரசத்தை இலையில் கை வைத்துத் தடுக்க மறந்தாள். அது ஓடி மடியில் கொட்டியது. அவள் அத்தாயியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவின கையோடு ஆட்டையாம்பட்டியில் பஸ் பிடித்து, ஆபீஸ் வந்து, மடியில் ரசக்கறையோடு உட்கார்ந்தாள். மாற்ற வேண்டியது அதிகமில்லை. யார் 'காட்டுங்க' என்று தட்டுகிறாரோ அவர் வீட்டுக்காரர். மற்றவர்கள் வந்த சனம். வந்த சனத்தைச் சீட்டு கலைக்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் கலைத்து, முன்னால் உட்கார வை. தட்டினவர் பேரைக் கடைசியில் போடு. அதற்கு மேலே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, 'வாசலில் நின்று வரவேற்பவர்' என்று ஒரு வரி.

கூட்டத்தில் தனபால்தான் முதலில் தட்டினார். அன்றைக்கு அதை எடுத்துப்போடுவது என்று தீர்மானம் எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். அறுநூற்றுச் சொச்சம் பேர் டிவியில் ஓடி நின்றார்கள். தனபால் முதல் பக்கத்தில் தேடினார், நடுவில் தேடினார். ஜீவானந்தம்தான் கண்டுபிடித்தார்.

"மாப்ள, கடைசீல கெடக்கற!" அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் முயற்சிகூடச் செய்யவில்லை. "என்றத இப்பப் பாரு" என்று தன் பேரில் உள்ளே போய்த் தட்டினார். கடைசியில் ஜீவானந்தம் இருந்தார்.

அறையில் சத்தம் எழுந்தது. ஆளாளுக்குத் தன் ஃபோனில் தட்டினார்கள். எல்லாரும் கடைசி. ஜோதி விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள், அந்த இரைச்சலில் அவள் குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடப் போகவில்லை.

அத்தாயி பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள். தன் ஃபோனில் நிதானமாகத் தட்டிப் பார்த்தாள்.

"செரியாத்தான இருக்குது?" என்றாள். "என்ற ஃபோனு, என்ற ஊடு மாதிரி. நான் கடைசீலதான் இருக்கோணும். தனபாலு, இங்க பாரு, என்ற ஊட்டுல நீ ஆறாவதா உக்காந்திருக்கற. அப்பளம் கெடைக்கும்."

தனபால் எட்டிப் பார்த்தார். ஜீவானந்தத்தின் ஃபோனை வாங்கிப் பார்த்தார். அதில் அவர் ரெண்டாவது. பழைய டிரைவர் தாண்டவன் வெட்கத்தோடு தன் ஃபோனை நீட்டினார். அதிலும் தனபால் தாண்டவனுக்கு மேலேதான். யார் ஃபோனைப் பிடுங்கினாலும் ஃபோன்காரர் கீழே, மற்றவர் மேலே. கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் ஒருத்தரும் தன் ஃபோனைப் பார்க்கவில்லை, அடுத்தவன் ஃபோனையே கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனபால் டிவிக்குத் திரும்பி, கோட்டுக்குக் கீழே இருந்த வரியை வாய்விட்டுப் படித்தார்.

"வாசலில் நின்று வரவேற்பவர், தனபால்."

சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். அறியாமல் கை கூப்பினார். டிவியைப் பார்த்துத்தான் கூப்பினார். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. எல்லாருமே அவரவர் ஃபோனைத் திரும்ப வாங்கி, அதே வரியைப் பார்த்து ஒரு தடவை கை கூப்பிக்கொண்டார்கள். தீர்மானக் காகிதத்தில் பஜ்ஜியை வைத்து எண்ணெயை ஒற்றி எடுத்தார்கள்.

"உன்றதுல யாரு அம்மணி கடைசீ? தட்டு பார்ப்போம்" என்றார் தனபால்.

ஜோதி தட்டினாள். பேர்கள் வந்தன, கோடு வந்தது. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"நான் மெம்பரு இல்லீங்களே" என்றாள்.

"அதெப்புடி, ஊட்டுக்காரங்களே இல்லாத ஊடு?" என்றார் தனபால். அவருக்கு அது நிஜமாகவே பொறுக்கவில்லை. உடனே சேர்க்கச் சொன்னார். சட்டம் இடம் கொடுக்காது, ரிக் வண்டியில் பங்கு இருந்தால்தான் மெம்பர் என்றார் ஜீவானந்தம். கமிட்டி மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது.

"அதுக்கென்ன இப்ப?" என்றாள் அத்தாயி. "என்ற வண்டீல பின்னால எடது பக்க டயரு ஒண்ணு இவளுக்கு. எழுதிக்குங்க."

அந்த டயரில் காற்று இல்லை என்பதும், அதற்குள் ஒரு ஓணான் குடியிருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் டயர் வண்டியில் சேர்ந்ததா இல்லையா என்பதில் ஜீவானந்தத்தால் மறுத்துப் பேச முடியவில்லை. தனபால் தாமே உட்கார்ந்து, ஒற்றை விரலால் 'சேதி சேருங்க ஜோதி' என்று தட்டினார். 'சரிங்க' என்றது திரை.

யாராவது சேர்ந்தால் அத்தனை மெம்பருக்கும் தானாக ஒரு மெயில் போக வேண்டும் என்று எழுதியிருந்தவள் ஜோதிதான். போனது. ராஜஸ்தானுக்குப் போனது, சத்தீஸ்கருக்குப் போனது. இவ்வளவு காலம் தனக்கு முதலில் சேதி சொன்ன பிள்ளை மெம்பராகிவிட்டது என்று படித்தவர்கள் பதில் மெயிலா போடுவார்கள்? ஃபோனை எடுத்தார்கள்.

முதல் ஃபோன் படியிறங்குவதற்குள் வந்தது. அதை வைப்பதற்குள் அடுத்தது. சாப்பிட்டியா அம்மணி, அங்க மழை உண்டா, டயரு எப்புடி இருக்குது. டயர் சேதி அதற்குள் எப்படியோ பரவியிருந்தது. எல்லாரும் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "நாந்தான மொதல்ல கூப்புட்டது?" எடுக்காமல் விட்டிருக்கலாம். டாக்டர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் எடுத்தாள். இத்தனை வருஷம் அவள் கூப்பிட்டாள், இப்போதுதான் அவளைக் கூப்பிடுகிறார்கள். "உங்க ஃபோனுதாங்க மொதல்ல" என்று ஒவ்வொருத்தருக்கும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் கம்மிக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, அதற்குச் சந்தோஷத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

இருட்டுகிற நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அன்பழகன் கூப்பிட்டான். பின்னால் அவன் வண்டியின் ஹாரன் கேட்டது.

"மத்தியானத்துல இருந்து அடிக்கறேன், பிஸி பிஸின்னே வருது. ஊரெல்லாம் பேசி முடிச்சாச்சு, எனக்குத்தான் கடைசியா?"

ஜோதி சிரித்தாள். தொண்டையில் ஒரே ஒரு வாக்கியத்துக்கு மிச்சம் இருந்தது. அதை எடுத்துச் சொன்னாள்.

"நீங்க நம்ம ஊட்டு ஆளுங்க."

 நீ பேச வேண்டாம், நான் பேசறேன், இன்னிக்கு வண்டீல ஒரு கூத்து நடந்துச்சு என்று அவனே ஆரம்பித்தான். அவள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, பஸ் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.